நவீன ஓவியம் பார்க்கக் கிளம்பிய பஸ்

டிராவல்ஸ் தொழிலில் பஸ்ஸை ஓட்டுவது சுலபம். எங்கே நிறுத்துவது என்பதில்தான் வெட்டுக்குத்து. சொந்தக்காரர்களைச் சேர்த்து ஒரு வேனாவது பிடித்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், திண்டுக்கல்லில் டூர் நடத்தும் என் வேதனை புரியும்.

தாளாளரின் போன்

சகாயமேரி டீச்சர் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியை. பெங்களூரில் இருக்கும் நவீன ஓவிய தேசிய மியூசியத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டும் என்று வந்தார். வேளாங்கண்ணிக்கும் திருப்பதிக்கும் பஸ் விட்டுப் பழகிய எனக்கே புது உற்சாகம். மியூசியத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்று விசாரித்து, ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டம் போட்டேன்.

பள்ளித் தாளாளர் எங்களைக் கூப்பிட்டார். போனில் அந்த மியூசியப் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவர், ஒரு படத்தில் நின்றார். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். இன்னும் பெரிதாக்கினார். நன்றாகப் பார்த்து முடித்த பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒழுக்கத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். கடைசியில் கேட்டார்: "ஏன் டீச்சர், துணிமணி உடுத்துன படத்த மட்டும் காட்டச் சொல்லி அங்க பேச முடியாதா?"

புலி இல்லாத மியூசியம்

பிள்ளைகளைத் தண்ணீர் விளையாட்டுப் பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். டீச்சர் விடவில்லை. "அதுக வராட்டிப் போகட்டும், நான் வாரேன். வேற ஆளச் சேருங்க தம்பி. நான் இதுவரைக்கும் ஒரு அசல் ஓவியத்தக்கூட நேர்ல பார்த்ததில்ல" என்றார்.

பெங்களூர் டூர், முதல் இடம் மியூசியம் என்று போர்டு வைத்தேன். நிலக்கோட்டைப் பூ வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு வந்து முன் சீட்டுகளைப் பிடித்தார். பாடம் பண்ணின புலி இருக்குமா என்று கேட்டார். ஓவியம் மட்டும்தான் என்றேன். பட்டுப் புடவைக் கடைக்கும் போவோம் என்றதால் பதிவை ரத்து செய்யவில்லை. ஆனால் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம். "படம் பாக்கவா பெங்களூரு? அம்புட்டுப் பேரு கையிலயும் போன் இருக்குல்லப்பா!"

முதல் இடம்

பெங்களூர் போய்ச் சேர்ந்ததும் பஸ்ஸுக்குள் ஜனநாயகம் தலைதூக்கியது. கை தூக்கச் சொன்னார்கள். மியூசியத்துக்கு டீச்சர் கை மட்டும். பட்டுக்கடைக்கு மற்ற எல்லாக் கைகளும். பூ வியாபாரியின் மனைவி இரண்டு கைகளையும் தூக்கியிருந்தார். காலையில் கடைக்குள் போன கூட்டம் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் வெளியே வரவில்லை. டீச்சர் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மியூசியம் மூடிவிடுமே என்று நான் டிரைவரிடம் புலம்பினேன். கடைக்காரர் வாங்கிக் கொடுத்த பிரியாணியைச் சாப்பிட்டு முடித்திருந்த அவன் பல் குத்திக்கொண்டே சொன்னான்: "சுவத்துல மாட்டுனது எங்கயும் ஓடிராதுண்ணே. சேலை வித்துப் போயிரும்ல?"

மூடும் நேரம்

திரும்பிப் பார்த்தால் டீச்சரைக் காணோம். ஆட்டோ பிடித்துத் தனியாகப் போய்விட்டார். இன்னொரு ஆட்டோவில் நானும் ஓடினேன். மியூசியத்துக்குள்ளே ஒரு கூட்டம் ஓவியங்களுக்கு முதுகைக் காட்டிச் செல்பி எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களைத் தாண்டி, உள் அறையில், ஒரு பெரிய ஓவியத்தின் முன்னால் டீச்சர் அசையாமல் நின்றார். காவலாளி விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்தார். என் போனில் பூ வியாபாரி விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், எடுக்கவில்லை.

"போலாமா டீச்சர்?" என்றேன். அவர் கண் கலங்கியிருந்தது. படத்திலிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னார்: "புஸ்தகத்துல பார்த்துட்டு, இந்த வானம் நீலம்னு இத்தன வருசமா சொல்லிக் குடுத்துட்டேன் தம்பி. இது பச்சை."

பஸ் நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு போய், ஒரே ஒருவருக்கு ஊரைக் காட்டிவிட்டு, மற்ற அத்தனை பேரிடமும் தாமதத்துக்குத் திட்டு வாங்கி வருவதற்குப் பெயர்தான் டூர் நடத்துவது.