கடிகாரத்துக்குப் போன என் பேட்டரி

ஊய்ங்... என்று ஒரு மெல்லிய சத்தம்.

பிலிம் காலத்து ஃப்ளாஷ் சார்ஜ் ஆகும்போது காதோரம் கேட்குமே, அதுதான். சத்தம் நின்று சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் அடுத்த படம். கூடவே ஹோமப் புகை, நெய் வாசனை, பந்தியிலிருந்து வரும் சாம்பார் மணம்... ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம். நான் தனியாக எடுத்த முதல் கல்யாணம்.

மயிலாப்பூர் பெண், பெயர் வைதேகி. அவளுடைய சித்தப்பா கிச்சா மாமாதான் அந்தக் கல்யாணத்துக்கு எல்லாமே. வாசலில் பார்த்தால் அங்கே இருப்பார், அடுப்படியில் பார்த்தால் அங்கேயும் இருப்பார். நிற்கவே மாட்டார் மனிதர்.

அன்றைக்குக் கல்யாண போட்டோகிராபர்களுக்கு ஒரே வேதம். அப்பெர்ச்சர் எட்டு, ஷட்டர் அறுபது, தலைக்கு மேல் ஃப்ளாஷ். லென்ஸின் துவாரத்தை அப்படிச் சுருக்கி வைத்தால் மாப்பிள்ளை முதல் பின்னால் நிற்கும் மாமி வரை எல்லாரும் பளிச்சென்று விழுவார்கள். யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

மாலை மாற்றும்போது மாமாக்கள் பெண்ணையும் பிள்ளையையும் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். "இன்னொண்ணு எடுப்பா, இன்னொண்ணு" என்று ஆளாளுக்குக் கேட்க, ஃப்ளாஷ் களைத்துப் போனது. நடுவில் கிச்சா மாமா ஒரு நாற்காலி மேல் ஏறி, சுவர்க் கடிகாரத்தையும் தன் கைக்கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேடிக்கையாக இருந்ததால் அதையும் ஒன்று எடுத்து வைத்தேன். அதோடு சரி, சிவப்பு விளக்கு எரியவில்லை.

முகூர்த்தம் நெருங்கிவிட்டது. புது பேட்டரி மாற்றலாம் என்று பையைத் திறந்தால், நான்கு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று.

"ஒண்ணுதானேப்பா எடுத்துண்டேன், மீதி மூணு அப்படியே இருக்கே" என்றார் கிச்சா மாமா. மண்டபத்துக் கடிகாரம் நின்றுபோயிருந்ததாம். கல்யாணம் செய்துவைக்கும் வாத்தியார் அதைப் பார்த்துத்தான் நேரம் சொல்ல வேண்டுமாம்.

"மாமா, நாலும் இருந்தாத்தான் ஃப்ளாஷ் எரியும். அதைக் கழட்டிக் குடுங்க."

"நன்னாருக்கு. முகூர்த்த நேரத்துல கடிகாரத்தை நிறுத்தச் சொல்றியா?"

பழைய பேட்டரி ஒன்றைச் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். ம்ஹூம். வெளியே கடைக்கு ஓட நேரமில்லை. தாலி கட்டும் படம் இல்லாத கல்யாண ஆல்பத்தை யார் வாங்குவார்கள்? என் தொழில் தொடங்கிய அன்றே முடிந்தது என்றுதான் நினைத்தேன். கை ஜில்லிட்டுவிட்டது.

வீடியோ எடுக்க வந்த சேகர் என் முகத்தைப் பார்த்தான். "இன்னா மச்சி, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

சொன்னேன்.

"வுடு. என் லைட்டைத் தூக்கிப் புடிச்சிக்கினு நிக்கிறேன். நீ எடு."

அந்த வெளிச்சம் அப்பெர்ச்சர் எட்டுக்குப் போதாது. லென்ஸை முழுசாக, 1.8 வரை திறந்தேன். ஷட்டரை முப்பதுக்கு, அதாவது வினாடியில் முப்பதில் ஒரு பங்குக்கு, இறக்கினேன். அதற்குக் கீழே போனால் கை ஆடுவது படத்தில் தெரிந்துவிடும். லென்ஸை அவ்வளவு திறந்தால் இன்னொரு வம்பு. ஒரு ஜாண் ஆழம்தான் தெளிவாக விழும். வழக்கம்போல் முன்னால் நின்று எடுத்தால் மாப்பிள்ளையின் முதுகுதான் தெளிவாக இருக்கும், பெண் முகம் போய்விடும்.

அதனால் பக்கவாட்டுக்கு ஓடினேன். அப்பா மடியில் பெண், எதிரே குனிந்து நிற்கும் மாப்பிள்ளை... அங்கிருந்து மூன்று பேரும் எனக்கு ஒரே தூரம். கெட்டிமேளம் கொட்டியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன்.

இன்றைக்கு என்றால் உடனே திரையில் பார்த்துவிடலாம். அன்று ரோலை லேபில் கொடுத்துவிட்டு, தி.நகர் வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பிரிண்ட் கைக்கு வந்தது. பெண்ணின் கண், அப்பாவின் உதடு, மாப்பிள்ளையின் விரலில் மஞ்சள் சரடு. எல்லாம் தெளிவு. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. லேப் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வைதேகி வீட்டிலும் பிடித்திருந்தது. கிச்சா மாமாவுக்கு மட்டும் குறை. "பின்னாடி அட்சதை போடறது நான்தானே? மூஞ்சியே தெரியாம கொழுக்கட்டை மாதிரின்னா விழுந்திருக்கேன்." இன்னொரு வருத்தமும் இருந்தது அவருக்கு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், கடிகாரம் தாமதமாக ஓடியது, முகூர்த்தம் தாண்டித்தான் தாலி ஏறியது என்று பந்தியில் சொல்லிவிட்டாராம். நான் சிரித்துவிட்டு அதை மறந்தும் போனேன்.

போன மாதம் வைதேகி கூப்பிட்டாள். கிச்சா சித்தப்பாவுக்குச் சதாபிஷேகம், எண்பது முடிகிறது. ஓடிக்கொண்டே இருந்ததில் அவர் ஒரு படத்திலும் ஒழுங்காக இல்லை. "உங்ககிட்ட ஏதாவது இருக்கா?" என்றாள். பழைய நெகட்டிவ்களைத் துழாவினேன். நாற்காலி மேல் நிற்கும் அந்தப் படம் இருந்தது. ஆல்பத்தில் சேர்க்காமல் விட்டது. ஸ்கேன் செய்து அவள் போனுக்கு அனுப்பினேன்.

அந்தக் காலமே தனி என்று நான் சொல்ல மாட்டேன். இப்போது படம் எடுத்த பிறகுகூட விரலால் தள்ளிப் பின்னணியை மங்கலாக்கலாம். கெட்டிமேளம் கொட்டும்போது எனக்குக் கை ஜில்லிடுவதில்லை. பெரிய நிம்மதி அது. ஆனால் படி மேல் அப்படித் தொப்பென்று உட்கார்ந்து வெகு நாளாகிறது...

படம் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் கிச்சா மாமாவே போனில் பேசினார். "பெரிசு பண்ணிப் பார்த்தேன்டா. பேட்டரி போட்டுட்டு மணி சரிபார்க்கறப்போ எடுத்திருக்கே. கார்த்தால ரேடியோவைக் கேட்டு வச்ச வாட்ச் அது. அதுலயும் சுவர்லயும் ஒரே மணி."

அப்பெர்ச்சர் எட்டில் எடுத்த படம். அவர் மணிக்கட்டு முதல் சுவர் வரை ஒன்றுவிடாமல் தெளிவு.

"முகூர்த்தம் தப்பலைடா" என்றார். "இத்தனை வருஷம் அந்தப் பொண்ணுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட, நான் வச்ச கடிகாரத்தாலதானோன்னு நெனச்சிண்டிருந்தேன்."