தேநீர் உபசரிப்பு: திருமதி குணபூசணி

எங்கள் சங்கத்தின் வெள்ளி விழா மலர் போன மாதம் கைக்கு வந்தது. வழவழப்பான தாள், அறுபத்து நான்கு பக்கம். தலைவர் படம் மட்டும் ஒன்பது இடத்தில் இருக்கிறது. மாலையோடு நான்கு, மாலை இல்லாமல் ஐந்து. 'இளம் அறிவியல் எழுத்தாளர்களை உருவாக்கிய வழிகாட்டிகள்' என்று முழுப் பக்கம் ஒன்று. ஆறு டாக்டர்கள், இரண்டு விரிவுரையாளர்கள், எல்லாரும் கழுத்துப்பட்டியோடு சிரிக்கிறார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட ஒரு பிள்ளையின் கட்டுரையை முழுதாக வாசித்ததில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

குணபூசணியின் பெயரைத் தேடினேன். அறுபத்து மூன்றாம் பக்கத்தில், நாற்காலி கொடுத்தவருக்கும் பந்தல் போட்டவருக்கும் கீழே கடைசி வரியில் கிடைத்தது. 'தேநீர் உபசரிப்பு: திருமதி குணபூசணி.' வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சின்னையா. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் பதினெட்டு வருடம் ஈய எழுத்துக் கோத்தவன். சங்கத்தின் அழைப்பிதழ், துண்டறிக்கை, புத்தகம் எல்லாம் என் கையால் கோத்தவைதான். அதனால் இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு, நல்ல பங்கு இல்லை.

1986-ல் சங்கம் ஒரு திட்டம் அறிவித்தது. தோட்டத்தில் வளர்ந்த, ஆலையில் வேலை செய்கிற பிள்ளைகள் தமிழில் அறிவியல் எழுதப் பழக வேண்டும். அவர்களுக்கு வழிகாட்டிகளை ஒதுக்கித் தருவார்கள். ரவாங், கிள்ளான் பக்கமிருந்து ஒன்பது பேர் சேர்ந்தார்கள். தொடக்க நாளில் வழிகாட்டிகள் எட்டுப் பேரும் வந்தார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள், மீகூன் சேமியா சாப்பிட்டார்கள், போனார்கள். அடுத்த ஞாயிறு ஒருவரும் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. இரண்டு பஸ் மாறி வந்த பிள்ளைகள் கையில் தாளை வைத்துக்கொண்டு வெறும் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

மண்டபத்துச் சமையலறைச் சாவி குணபூசணியிடம் இருந்தது. பின்சந்தில் குடியிருந்தார். ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடமாக உதவியாளர். வயது நாற்பது இருக்கும். பேச்சில் யாழ்ப்பாணத்து வாடை மாறாத சிலோன் குடும்பம். தேநீர் போட்டுக் கொடுக்கும்படி சங்கச் செயலாளர் வேலாயுதம் கேட்டிருந்தார், அதனால் வந்தார். ஒன்பது குவளையை வைத்துவிட்டுத் திரும்பியவர், ஒரு பெண்ணின் கையில் இருந்த தாளை வாங்கிப் பார்த்தார்.

அந்தப் பெண் புஷ்பவல்லி. பத்தொன்பது வயது. மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கிள்ளானில் ரப்பர் கையுறை ஆலையில் வேலை செய்தாள். செய்த கையுறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் குளோரின் கலந்த நீரில் அலசுவார்கள். அலசும் தொட்டிக்குப் பக்கத்தில்தான் அவளுக்கு வேலை.

"பிள்ளை, குளோரின் ஒரு நச்சு வாயு எண்டு எழுதியிருக்கிறீர். ஆர் சொன்னது?"

"புத்தகத்துல இருந்துச்சுக்கா."

"உம்மட மூக்கு என்ன சொன்னது? அதை எழுதும்."

வகுப்பு அப்படித்தான் ஆரம்பித்தது. யாரும் அவரை நியமிக்கவில்லை. ஒன்றைச் சொல்லியாக வேண்டும், குணபூசணிக்கு எழுத வராது. நான்கு வரிக் கடிதம் எழுதவே பேனாவோடு மல்லுக்கட்டுவார். ஆனால் பரிசோதனைக் கூடத்தில் பழகிய ஒரு பிடிவாதம் இருந்தது. பார்த்ததை மட்டும் சொல், எப்படிப் பார்த்தாய் என்பதையும் சொல். அவ்வளவுதான் அவருடைய பாடம்.

இன்னொரு வழக்கம் வைத்திருந்தார். எழுதியதைக் கொண்டுபோய் வெளியாள் யாருக்காவது வாசித்துக் காட்ட வேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், சாப்பாட்டுக் கடைக்காரர், யாராக இருந்தாலும் சரி. கேட்கிறவர் எந்த வரியில் வேறு பக்கம் பார்க்கிறாரோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. அடுத்த ஞாயிறு கோடு விழுந்த வரிகளைப் பற்றி மட்டுமே பேச்சு. அச்சகத்துக்கும் வந்து எனக்கு வாசித்துக் காட்டுவார்கள். புஷ்பவல்லி வாசித்தபோது ஒரு தடவை கொட்டாவி விட்டேன். பதினொரு வரிக்குக் கோடு போட்டுக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது அந்தப் பதினொன்றும் மூன்றாகியிருந்தன. நான் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

அந்தக் கட்டுரையின் உயிரே ஒரு துண்டுத் தாள்தான். குணபூசணி தன் பரிசோதனைக் கூடத்திலிருந்து நீல லிட்மஸ் தாள் கொண்டுவந்து கொடுத்தார். புஷ்பவல்லி அதை நனைத்து, தொட்டிப் பக்கம் தன் இடத்தில் ஒட்டிவைத்து மணி பார்த்தாள். முதலில் சிவந்தது. ஏழாவது நிமிடம் முழுதாக வெளுத்துவிட்டது. எட்டு மணி நேரம் அதே காற்றை மூச்சில் இழுக்கும் பெண்களைப் பற்றி அடுத்த வரியில் எழுதியிருந்தாள்.

1988-ல் கட்டுரைகளைச் சங்கம் புத்தகமாகப் போட்டது. கையெழுத்துப் பிரதியை என்னிடம் தந்தபோது வேலாயுதம் அந்தக் கட்டுரையின் தலைப்பில் ஒரு திருத்தம் செய்திருந்தார். எழுதியவர்: டாக்டர் ராதாகிருஷ்ணன். அதன் கீழே பொடி எழுத்தில், உதவி: குமாரி புஷ்பவல்லி. ராதாகிருஷ்ணன் அவளுக்கென்று ஒதுக்கப்பட்ட வழிகாட்டி. அந்த முதல் நாளுக்குப் பிறகு அவர் முகத்தைக் கண்டவர் இல்லை.

நான் கோத்தேன். டாக்டர் பெயரைப் பெரிய எழுத்திலும் அவள் பெயரைச் சிறிய எழுத்திலும், சொன்னபடியே. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுத்துப் பிழை பார்த்தவன், இந்தப் பிழையைப் பார்க்காதவன்போல இருந்தேன்.

புரூப் பார்க்க வந்த குணபூசணி அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். வேலாயுதமும் அப்போது அங்கே இருந்தார்.

"செக்ரட்டரி, இந்த லிட்மஸ் தாளை டாக்டர் எப்ப பிடிச்சவர்?"

"சிஸ்டர், பேக்டரி பிள்ள எழுதினா யாரு நம்புவா? டாக்டர்னு போட்டாதான் எடுபடும் லா. அதோட அந்தப் பொண்ணுக்கு வேல போயிடும். அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதுக்குத்தான். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் எத்தனை பேரின் உழைப்பை விழுங்கி ஏப்பம் விட்டிருக்கிறார்கள். குணபூசணி ஞாயிற்றுக்கிழமை புஷ்பவல்லியிடமே கேட்டார், பயமோ என்று.

"பயமாத்தான் இருக்குக்கா," என்றாள் அவள். "ஆனா எழுதுனது நான். என் பேர்லயே வரட்டும்."

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு குணபூசணி மூன்று தடவை வேலாயுதத்திடம் நடந்தார். புத்தகம் டாக்டர் பெயரோடுதான் வெளிவந்தது.

வெளியீட்டு விழா இரண்டரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது, டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் வர வேண்டுமாம். பொன்னாடைகளை அடுக்கிய தட்டை மேடையில் ஏந்தி நிற்க ஒரு பெண் தேவைப்பட்டாள். யாரை நிறுத்தினார்கள் தெரியுமா? புஷ்பவல்லியை. தன் கட்டுரை வந்த புத்தகத்தின் விழாவில், பத்தொன்பது பிரமுகர்களுக்கும் பொன்னாடை எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு.

ராதாகிருஷ்ணன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். கிள்ளான் தொழிலாளர்களின் நிலை கண்டு மனம் நொந்து எழுதினேன் என்றார். கை தட்டினார்கள். அப்போது கூட்டத்தில் ஒரு பெண் எழுந்தாள். இராஜம்மா, புஷ்பவல்லியோடு அதே தொட்டியில் வேலை செய்பவள்.

"டாக்டர், அந்தத் தாளு எத்தன நிமிஷத்துல வெளுத்துச்சு? மூக்குல துணி கட்டிக்கிட்டா போதுமா?"

டாக்டர் சிரித்தார். "நல்ல கேள்வி. நேரம் இருக்கும்போது விரிவாகப் பேசுவோம்."

"ஏழு நிமிஷம். துணி பத்தாதுக்கா, வாயு உள்ள வந்துரும். காத்து வெளிய போக வழி வேணும்," என்றாள் புஷ்பவல்லி. தட்டோடு நின்றபடிதான் சொன்னாள். முன்வரிசையில் இருந்த எங்களுக்குக் கேட்டது.

வேலாயுதம் அவள் பக்கம் குனிந்து, "தட்டக் கவனிம்மா," என்றார்.

மீகூனுக்கு வரிசை நின்றபோது குணபூசணி சமையலறையிலிருந்து நேராக என்னிடம் வந்தார். கை ஈரத்தைக்கூடத் துடைக்கவில்லை.

"சின்னையா, அச்சான புத்தகத்தில பிழை இருந்தா நீர் என்ன செய்வீர்?"

"பிழைதிருத்தம்னு ஒரு துண்டுத் தாள் அடிச்சு உள்ள வைப்போம்."

"இது பிழையில்லையோ?"

தமிழ்ப்பள்ளிகளுக்கு அனுப்ப வேண்டிய நானூற்று இருபது பிரதிகள் அச்சகத்தில்தான் கட்டுக்கட்டாக இருந்தன. மறுநாள் மதியம் முதலாளி சாப்பிடப் போனதும் கோத்தேன். 'பிழைதிருத்தம். பக்கம் 41: டாக்டர் ராதாகிருஷ்ணன் என்பதைப் புஷ்பவல்லி எனத் திருத்தி வாசிக்கவும்.' அந்த வாரம் மதியவேளைகளில் நானும் குணபூசணியும் புஷ்பவல்லியும் பிரதிக்கு ஒன்றாக ஒட்டினோம். ஒட்டும்போது புஷ்பவல்லி, இன்னொரு வரியும் சேர்க்கலாம் என்றாள். வழிகாட்டி: குணபூசணி.

"வேண்டாம். நான் ஒரு வரியும் எழுதேல்லை," என்றார் குணபூசணி. நானும் தலையாட்டிவிட்டு அந்த வரியைச் சேர்க்காமல் விட்டேன்.

ஒரு மாதத்தில் விஷயம் வெளியே தெரிந்தது. எனக்கு வேலை போனது, வேறு அச்சகத்தில் சேர்ந்துகொண்டேன். புஷ்பவல்லியை ஆலையில் பொட்டலம் கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். வேலாயுதம் பயமுறுத்திய அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இன்று ஒரு ஞாயிறு நாளிதழில் அவள் பெயரோடு அறிவியல் பத்தி வருகிறது. இதெல்லாம் நடந்து எட்டு வருடமாகிறது. எழுதியதை இப்போதும் யாருக்காவது வாசித்துக் காட்டிக் கோடு போட்டுத்தான் அனுப்புகிறாள்.

மலரை எடுத்துக்கொண்டு குணபூசணியிடம் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரியை வாசித்தார். "என்ன குறை? தேத்தண்ணி நல்லாத்தானே இருந்தது," என்று சிரித்தார். அவர் சிரிப்பார். நான் சிரிக்க மாட்டேன். எட்டு வருடத்துக்கு முன்பு அவர் வேண்டாம் என்றதும் அந்த வரியை விட்டவன் நான். நான் அன்றைக்குக் கோத்திருந்தால் இன்றைக்கு இவர்களால் இப்படி அச்சடித்திருக்க முடியாது.

இப்போது யாரையும் கேட்கப் போவதில்லை. இந்த மலர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பேனாவை எடுக்கவும்.

பிழைதிருத்தம். பக்கம் 63, கடைசி வரி: தேநீர் உபசரிப்பு என்பதை வழிகாட்டி எனத் திருத்தி வாசிக்கவும்.