அக்கா என்று சொல்லி வந்தவள்

வாசலில் வந்து நின்று "நான் அவளோட அக்கா" என்று சொல்கிறவளை எதை வைத்து நம்புவது? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்போது ஈப்போவின் குனோங் ராபாட் பகுதியில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் மகள் தவழத் தொடங்கியிருந்தாள். எதிர் வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் பஸ் கண்டக்டர், மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போவாள். இளையவள் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் இருந்தாள். அக்கா, தங்கை என்று சொல்லித்தான் வீடு எடுத்திருந்தார்கள். முகச்சாடை துளியும் இல்லை. "ஒரு வயித்துப் புள்ளைங்க மாதிரியே தெரியலலா" என்று என் கணவர் ஒருநாள் சொன்னார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் சந்தேகம் வேறு.

இளையவளின் கழுத்தோரம் கன்றிப்போயிருந்ததைப் பார்த்திருந்தேன். கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு துணி காயப்போடுவாள். யாரோ ஓர் ஆண், கல்யாணமானவனாக இருக்கும், திருட்டுத்தனமாக வந்து போகிறான் என்று முடிவு கட்டினேன். குழந்தைக்குச் சோறு ஊட்டும் சாக்கில் ஜன்னலோரம் நின்று காவல் பார்த்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் சீனரைச் சந்தேகித்தேன். ரொட்டி விற்பவரைச் சந்தேகித்தேன். ஒருவரும் அந்த வீட்டுக் கேட்டைத் தாண்டவில்லை. சரியான கெட்டிக்காரன் போலிருக்கிறது என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்துக்கொண்டேன்.

இதில் தலையிட எனக்கு ஒரு பொறுப்பும் இருந்தது. அடிபட்டு வரும் மனைவிமார்களுக்கு உதவ, கோயில் மண்டபத்தின் பின்னறையில் சில பெண்கள் கூடுவோம். தலைவி, ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ். எல்லாருக்கும் அவர் 'மிஸ்ஸி'தான். ஐந்தாம் படிவம் வரை, பள்ளிப் படிப்பை முழுதாக முடித்தவள் என்று என்னையும் சேர்த்திருந்தார்கள். யாரும் எங்களுக்குப் பயிற்சி தந்ததில்லை. தோட்டத்தில் பார்த்து வளர்ந்ததைச் செய்தோம். ரப்பர் தோட்டத்தில் அடிபட்டவள் தன் அக்கா இருக்கும் லயத்து வீட்டுக்குப் போய்விடுவாள். புருஷன் நாலு பேரோடு வந்து அக்காவிடம் கெஞ்சித்தான் அவளைத் திரும்ப அழைத்துப் போக முடியும். தோட்டங்களை முதலாளிகள் துண்டு போட்டு விற்றதால் நாங்கள் ஈப்போவுக்கு வந்த பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை. புருஷன் யார் என்று முதலில் கேட்போம். அக்கா எங்கே என்று அடுத்து கேட்போம்.

ஒரு மத்தியானம் இளையவள் பின்சந்து வழியாக வந்து எங்கள் அடுப்படிக் கதவைத் தட்டினாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றாள். நான் மிஸ்ஸியை வரவழைத்தேன்.

மிஸ்ஸி கட்டுப் போட்டுக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார். "கட்டிக்கிட்டவனா, கூட வெச்சிக்கிட்டவனா?" இளையவள் தலையாட்டினாள், இரண்டும் இல்லை என்று. "அப்ப யாருலா?" அவள் சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டாள். மிஸ்ஸி பெருமூச்சு விட்டுவிட்டு, அக்கா வேலை முடிந்து வந்ததும் கூப்பிட்டு ஒப்படைத்துவிடலாம், கூடப் பிறந்தவளிடம் சொல்லிக்கொள்ளட்டும் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அப்போது தெருமுனையில் மோட்டார் சைக்கிள் சத்தம். இளையவள் எழுந்தாள். பின்வாசல் படியில் கிடந்த தன் செருப்புகளை எடுத்து வந்து, அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். பிறகு ஒன்றும் நடக்காதது போல மறுபடி உட்கார்ந்தாள்.

வந்தது அவள் அக்காவின் வண்டி. இத்தனை வாரம் ஜன்னலில் நின்று யாரைத் தேடினேன்?

மூத்தவள் கேட்டில் நின்று கூப்பிட்டாள். கையில் என் மகளுக்கு ஒரு பொட்டலம் கச்சான் கடலை, இன்னும் பல் முளைக்காத குழந்தைக்கு. மிஸ்ஸி முன்னறைக்கு நடக்கத் தொடங்கியிருந்தார். நான் அவரை முந்திக்கொண்டு வெளியே போனேன்.

"தங்கச்சி இங்க வந்தாளா?"

"வரலக்கா."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசல்படியில் கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "கோவிச்சிக்கிட்டுப் போயிருக்கா. சின்னப் புள்ளத்தனம். வந்தா சொல்லுங்க, சரியா?" என்று சிரித்தாள். வண்டியில் ஏறாமல் எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டே போனாள், இரண்டு முறை திரும்பிப் பார்த்தபடி.

அடுப்படியில் இளையவள் மெதுவாகப் பேசினாள். "அவ எனக்கு அக்கா இல்ல. நாங்க ரெண்டு பேரும் புருஷன் பொஞ்சாதி மாதிரி. அவள விட்டுப் போனா, எங்க ஊரு பாரிட் புந்தார்ல எங்கம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிருவேங்கிறா. என் ஐசி கார்டும் அவகிட்டதான் இருக்கு. போலீஸ்ல போய் என்னான்னு சொல்றது? சிரிப்பாங்க."

மிஸ்ஸி மிச்சமிருந்த கட்டுத்துணியைச் சுருட்டினார். முகம் சுளிக்கிறாரா, யோசிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. கடைசியில், "அவ காலை ஷிப்டு எப்ப?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவு இளையவள் எங்கள் வீட்டிலேயே தங்கினாள். மறுநாள் மூத்தவள் பஸ்ஸில் இருந்த நேரத்தில் எதிர் வீட்டிலிருந்து அந்த அடையாளக் கார்டையும் துணிகளையும் எடுத்தோம். லகாட் என்ற ஊரில் இருந்த தொழிற்சாலைத் தோழியின் வீட்டுக்கு இளையவள் போனாள். அந்த இடத்தை அவளேதான் தேர்ந்தெடுத்தாள். சில மாதங்களில் மூத்தவளும் வீட்டைக் காலி செய்தாள். எங்கே, யாரோடு இருக்கிறாள் என்று தெரியாது. மோட்டார் சைக்கிள் எங்கள் கேட்டருகே வேகம் குறைந்தால் இன்றும் எட்டிப் பார்க்கிறேன்.

அந்த இருவர் கதையைக் குழுவில் சொன்னேன், பெயர் சொல்லாமல். வருகிறவளைத் தனியாக வைத்துக் கேட்போம், புருஷனை விசாரிப்பதற்கு முன் யாரைக் கண்டால் பயம் என்று கேட்போம் என்றேன். "இந்த மாதிரி ஆளுங்களுக்கும் நாமளா?" என்றாள் ஒருத்தி. "இனிமே அக்கா தங்கச்சியெல்லாம் பொறப்புச் சூராவோட வரணும்போல" என்று இன்னொருத்தி பிறப்புப் பத்திரத்தை வைத்துக் கேலி பேச, எல்லாரும் சிரித்தார்கள். மிஸ்ஸி சிரிக்கவில்லை. அப்படியே கேட்போம் என்றார்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். சில வாரங்களுக்கு முன் புருஷனிடம் அடிபட்டு ஒருத்தி வந்தாள். பேச முடியாத நிலை. அவளைத் தேடி மழையில் பஸ் மாறி வந்த பெண்ணை நான் மண்டபத்துக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்தேன். பிறகு பார்த்தால் அவள் உண்மையான அக்கா. "கூடப் பொறந்தவளப் பாக்க உங்ககிட்ட பெர்மிட் எடுக்கணுமா?" என்று நனைந்த தலையோடு கேட்டாள். உள்ளே தங்கை அக்காவின் குரல் கேட்டு அழுதுகொண்டிருந்தாள். நான் செய்தது சரியா? எதிர் வீட்டு மூத்தவளை அன்று நிறுத்தாமல் விட்டிருந்தால்?

அடுத்த மாதம் புதிய பெண்கள் சிலர் குழுவில் சேர்கிறார்கள். அவர்களுக்கு நான்தான் சொல்லித்தர வேண்டுமாம். பெண்ணோடு வாழும் பெண்ணும் ஆணோடு வாழும் ஆணும் இங்கே வாய் திறக்கலாம் என்று எப்படித் தெரியப்படுத்துவது? வெளிப்படையாகச் சொன்னால் தெருவே அவர்களைச் சுட்டிக் காட்டும். சொல்லாவிட்டால் அடுத்து வருகிறவளையும் அவளை அடிப்பவளிடமே ஒப்படைப்போம். இப்படிப்பட்டவர்களுக்கு வாசலைத் திறந்துவிட்ட அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால், முதலில் என்ன கேட்டீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.