முதல் தடை

மருத்துவ வண்டி பட்டறை வாசலுக்கு வந்த அன்று, மச்சானை அதில் ஏறவிடாமல் தடுத்தவர் அவர்தான். இது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர், இன்னொருவன் அந்த மச்சான். அவருடைய மனைவிக்கு, அதாவது மச்சானின் கூடப்பிறந்த அக்காவுக்கு, தெரியாது. தம்பி சோம்பல்பட்டுப் போகாமல் இருந்துவிட்டான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அதற்காக அவனைத் திட்டவும் செய்தாள்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒரு படிப்பை உயிராக நினைத்துப் படித்தவர். அதனால்தான் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சமையல் மேடைக்குப் போடும் பலகைகளை அறுத்துப் பாலிஷ் போடும் பட்டறையில் அவருக்குப் பத்தொன்பது வருஷ வேலை. பலகைகள் மலையில் வெட்டிய கல் இல்லை. கல்லை மாவாக்கி, பசை சேர்த்து இறுக்கிச் செய்தவை. அறுக்கும்போது அந்த மாவு மறுபடியும் மாவாகப் பறக்கும். சாயங்காலம் பட்டறையிலிருந்து வெளியே வருகிறவர்களின் புருவம்கூட வெள்ளையாக இருக்கும்.

பட்டறையில் அவருக்கு 'மூச்சுக்காரர்' என்று பெயர். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் சீட்டுக் கட்டைப் பிரிக்க, அவர் பலகை அடுக்குக்குப் பின்னால் போய் காலை மடக்கி உட்கார்ந்துகொள்வார். கண்ணை மூடி மூச்சை எண்ணுவார்.

"மூச்சுக்காரர் உக்காந்துட்டாரு. யாரும் இருமாதீங்கப்பா, அவருக்குக் கணக்கு தப்பிடும்" என்பான் லாரியில் பலகை ஏற்றுகிறவன். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடிப்பதற்குள் நாலைந்து பேர் இருமிக்கொண்டிருப்பார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மழையில் போனால் நனைகிற மாதிரி, தூசியில் நின்றால் இருமல்.

இந்தப் படிப்பு அவரிடம் வந்து சேர்ந்ததே வேடிக்கைதான். ஒரு வீட்டில் மேடை பொருத்தப் போயிருந்தார். சிங்க் வைக்க ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். மிஷினை நிறுத்தும்போதெல்லாம், சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வது கேட்டது. வேலை முடிந்து கை கழுவும்போது கேட்டார்.

"அது என்ன பாஷைங்க?"

"சமஸ்கிருதம். நான் வகுப்பு எடுக்கறேன், அதுக்குத் தயார் பண்றேன்."

"சாமி மந்திரமா?"

"இல்லங்க. மனசு எப்படி வேலை செய்யுதுன்னு ரொம்பக் காலத்துக்கு முன்னாடி சின்னச் சின்ன வரியா சொல்லி வெச்சது. யோகம்னு பேரு."

"அதுல மனசை நிறுத்த வழி இருக்கா?"

"ரெண்டாவது வரியே அதுதான்" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. அவர் காதுக்குள் மிஷின் சத்தம் எப்போதும் ஓடிக்கொண்டே இருந்தது. லீவு நாளிலும் ஓடியது. மனைவி பேசும்போது அவள் குரலுக்கு அடியில் ஓடியது. மனதை நிறுத்தலாம் என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால், அதை அவர் எப்படி விடுவார்?

வகுப்பு, தையல் பள்ளிக்கு மேலே இருந்த அறையில், ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. ஏழெட்டுப் பேர் வருவார்கள். டீச்சருக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. நாற்பத்து நாலு வயதில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நாலு கோடு நோட்டு வாங்கி, புது எழுத்துகளை எழுதிப் பழகினார். முதல் மாதம் பேனாவை உளி மாதிரி பிடித்தார். ஆனால் ஒன்றில் எல்லோரையும் முந்திக்கொண்டார். அந்த வரிகளில் சொல்லோடு சொல் ஒட்டிக் கிடக்கும். பிரித்தால்தான் பொருள் தெரியும். மற்றவர்கள் விழித்துக்கொண்டிருக்கும்போது அவர் சரியான இடத்தில் பிரித்துவிடுவார்.

"எப்படிங்க கண்டுபிடிக்கறீங்க?" என்று டீச்சரே கேட்டாள்.

"ரெண்டு பலகையை ஒட்டினா, எவ்வளவு நல்லா பாலிஷ் போட்டாலும் விரலுக்கு இணைப்பு தெரியும் டீச்சர். அது மாதிரிதான்."

படிப்போடு பயிற்சியும் நடந்தது. விடிகாலையில் எழுந்து உட்கார்ந்து, மூச்சை மெதுவாக விட்டபடி எண்ணுவார். முதல் வருஷம் ஒரு மூச்சுக்கு முப்பத்திரண்டு வரை போனது. அந்தக் காலத்தில்தான், ஒரு நாள் அரை நிமிஷம், காதுக்குள் மிஷின் நின்றது. அந்த அரை நிமிஷத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயம்.

இரண்டாம் வருஷம் எண்ணிக்கை இருபத்து நாலுக்கு இறங்கியது. பிறகு பதினைந்து. மூன்றாம் வருஷம் பதினொன்றில் மூச்சு முட்டியது. வகுப்பில் நீளமான வரியை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் நடுவில் நிறுத்தினார். வெட்கமாகிவிட்டது.

"டீச்சர், படிக்கப் படிக்க நீளணும் இல்ல? எனக்குக் குறையுது. நான் எங்க தப்பு பண்றேன்?"

டீச்சர் சந்தோஷப்பட்டாள். அன்றைய பாடமே அதுதான். சாதகனுக்கு வரும் ஒன்பது தடைகளை வரிசையாகச் சொல்லும் வரி அது.

"முதல் தடை நோய். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், விளக்க ஒண்ணுமில்ல" என்று தாண்டிப்போய், மந்தம், சந்தேகம், சோம்பல் என்று ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் பேசினாள். பிறகு அடுத்த வரிக்கு வந்தாள். மனம் சிதறும்போது கூடவே வருகிறவை என்ன? துயரம், சோர்வு, உடல் நடுக்கம், சீர்கெட்ட மூச்சு.

"பாத்தீங்களா? உங்க மூச்சு சொல்றது உங்க மனசோட கதை. இன்னும் உறுதியா உக்காருங்க."

அவர் அந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நிம்மதியாக இருந்தது. தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டதே. தெரிந்த தப்பைத் திருத்திவிடலாம்.

டி.வி. பார்ப்பதை விட்டார். யாரோடும் வாதம் பண்ணுவதை விட்டார். ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கினார். மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்.

"பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டிருக்கீங்க. இது மூணாவது."

"சாப்பாடு குறைஞ்சா மனசு லேசாகும்."

"மனசு லேசாச்சோ என்னவோ, ஆளு லேசாயிட்டீங்க. மாடிப்படியில உக்காந்து உக்காந்து ஏறி வர்றீங்க. டாக்டர்கிட்ட போங்க."

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. மனசு அலையுது."

"எங்க போய் அலையுது? இந்த ரெண்டு ரூமுக்குள்ளதான?"

அவர் வாதம் பண்ணவில்லை. விட்டுவிட்டாரே.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவிக்கு ஒரே தம்பி, முப்பத்தோரு வயது. ஆறு வருஷத்துக்கு முன் அவர்தான் அவனைப் பட்டறையில் சேர்த்துவிட்டார். சிங்க் ஓட்டை போடுவது அவன் வேலை. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி அடங்கும். ஆனால் சேறாகும், நேரமாகும். "தண்ணியெல்லாம் வேணாம், சும்மா ஓட்டு" என்பார் மேஸ்திரி. முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மச்சான் சும்மாவே ஓட்டினான். அவனுக்கும் இருமல் வந்தது. மாமா மேல் அவனுக்கு மரியாதை அதிகம். வேலை சொல்லிக்கொடுத்தவர், புத்தகம் படிக்கிறவர். அவர் கூப்பிட்டதும் சீட்டாட்டத்தை விட்டுவிட்டுப் பலகை அடுக்குக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தான். அவனுக்கு ஒரு மூச்சுக்கு ஒன்பதுதான் வந்தது.

"பரவால்லடா, போகப் போக நீளும்" என்றார், பதினொன்றில் இருந்த அவர்.

வண்டி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சுகாதாரத் துறை வண்டி. கல் வேலை செய்கிறவர்களுக்கு நெஞ்சுப் படம் எடுப்பார்களாம், பத்து நிமிஷம்தானாம்.

"போறவங்க போங்க. ஆனா இன்னைக்கு ஏழு மேடை போகணும், அதையும் ஞாபகம் வெச்சுக்குங்க" என்றார் மேஸ்திரி.

மூன்று பேர் போனார்கள். அவர்கள் படத்தில் என்ன தெரிந்தது என்று பிறகு யாரும் கேட்கவில்லை. மச்சான் ஏப்ரனைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு அவரிடம் வந்தான்.

"மாமா, வாங்க, ஒரு தடவை பாத்துடலாம். மாடி ஏறினா நெஞ்சு அடைக்குது எனக்கு."

"எனக்கும்தான் அடைக்குது. அது நோய் இல்லடா. மனசு சிதறினா மூச்சு இப்படித்தான் ஆகும், அப்படியே எழுதியிருக்கு. நான் வார்த்தை வார்த்தையா பிரிச்சுப் படிச்சிருக்கேன். மனசைப் படம் எடுக்க முடியுமா?"

"அப்ப வேணாங்கறீங்களா?"

"ஒரு மாசம் என்கூட ஒழுங்கா உக்காரு. அப்புறம் பாரு."

மச்சான் ஏப்ரனை மறுபடி கட்டிக்கொண்டான். அன்று மாலை அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தான் படித்தது இன்னொருவனுக்குப் பயன்பட்டுவிட்டது என்று நினைத்தார்.

எட்டு மாதம் கழித்து, ஒரு வீட்டின் இரண்டாவது மாடிக்குப் பலகை தூக்கிப் போன மச்சான், பாதிப் படியில் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. உதடு நீலமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "கல் வேலையா? தண்ணி விட்டா, விடாமலா?" என்பதுதான். பிறகு படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். கருப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை.

"உள்ள போன தூசி நுரையீரலைத் தழும்பாக்கி இறுக்கிடுச்சு. இதை எடுக்க முடியாது" என்றவர், சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களும் அங்கதானா? சும்மா நிக்கறதுக்கே இப்படி மூச்சு வாங்குது?"

அவருக்கும் படம் எடுத்தார்கள். மச்சானுடைய அளவுக்கு இல்லை. ஆனால் அதே வெள்ளை.

மனைவி மருந்து வாங்கப் போயிருந்தபோது அவர் டாக்டரிடம் தனியாகக் கேட்டார். "எட்டு மாசம் முன்னாடி இவனுக்குப் படம் எடுத்திருந்தா?"

"குணமாகியிருக்காது. ஆனா அன்னைக்கே தூசியை விட்டு விலகியிருப்பாரு. இன்னும் சில வருஷம் கிடைச்சிருக்கலாம்."

சில வருஷம். அவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணை மூடவில்லை. மூடப் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, நோட்டைப் பிரித்து டீச்சர் முன்னால் வைத்தார். ஒன்பது தடைகளில் எட்டுக்குப் பக்கம் பக்கமாகக் குறிப்பு இருந்தது. முதல் சொல்லுக்குப் பக்கத்தில் வெறுமை.

"டீச்சர், நோயை முதல்ல வெச்சிருக்காங்களே. அதை நாம ஏன் தாண்டிப் போனோம்?"

அவர் நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல டீச்சரின் முகம் வெளுத்தது.

"என் வீட்டு மேடையை நீங்கதான் அறுத்தீங்க" என்றாள் கடைசியில். "அந்தத் தூசியை ஒரு வாரம் துடைச்சேன் நான். நீங்க மூச்சு குறையுதுன்னு வந்து நின்னப்போ, என்ன வேலை பாக்கறீங்கன்னு எனக்கு ஞாபகமே வரல. கேட்டிருக்கணும்."

"உங்களைக் குத்தம் சொல்ல வரல டீச்சர். எனக்கு நீங்க சொன்னீங்க. அவனுக்கு நான் சொன்னேன். நீங்க எனக்குச் சொன்னப்போ நான் போய்க் கேக்க ஒரு டாக்டர் இருந்தாரு, நான் போகல. அவனைப் போகவும் விடல."

"வீட்டுல தெரியுமா?"

அவர் நோட்டை மூடி எடுத்துக்கொண்டார்.

சொல்லக் கூடாது என்று மச்சானே ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் மாட்டியிருந்த ஆக்சிஜன் குழாயை விலக்கி, துண்டு துண்டாக அவன் பேசியது இதுதான்: "அக்காகிட்ட... வேணாம் மாமா. எனக்கப்புறம்... நீங்க ரெண்டு பேரும்தான். கெடுத்துக்காதீங்க."

அந்த ஞாயிறு மதியம் வார்டுக்குப் போனபோது மனைவி தம்பிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் ஒரு திட்டு. "வாசலுக்கே வண்டி வந்துச்சாம். பத்தடி நடக்கத் துப்பில்ல. துரைக்குத் தூக்கிட்டுப் போக ஆள் வேணுமோ?"

"தூக்கமா... இருந்துச்சுக்கா" என்றான் மச்சான், அவரைப் பார்க்காமல்.

சாகப்போகிறவன் அவருக்காகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் வரேன்னுதான் சொன்னான். ஏப்ரனைக் கழட்டிட்டான். நான்தான் வேணாம்னேன். நோய் இல்ல, மனசுன்னு சொன்னேன்."

இவ்வளவு சொல்வதற்குள் அவர் மூன்று தடவை மூச்சு வாங்கினார். மச்சான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

மனைவி கிண்ணத்தை ஸ்டூல் மேல் வைத்தாள். ஸ்பூனைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"டாக்டர்கிட்ட போங்கன்னு நான் கெஞ்சினப்போ நீங்க போகல. சரி, உங்க உயிரு. இவன் உயிரை உங்ககிட்ட யாரு குடுத்தா?"

அவள் ஸ்பூனைக் கிண்ணத்துக்குள் வைத்தாள்.

"பட்டறையில இன்னும் எத்தனை பேரு?"

"பன்னெண்டு."

"காலையில நானும் வரேன். எனக்குச் சொன்னதை அங்க சொல்லணும். ஒரு வார்த்தை குறையக் கூடாது. இப்ப வெளிய போங்க. அவனுக்கு நான் ஊட்டணும்."

மச்சானுக்கு அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தது. மறுநாள் காலையில் அது யாருக்கும் தெரியாது.

பட்டறையில் அவள்தான் சுவர்ப் பக்கம் போய் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினாள். மிஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மேஸ்திரி கத்திக்கொண்டு வந்தார். அவள் கையிலிருந்த கவரிலிருந்து தம்பியின் படத்தை உருவி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். மேஸ்திரி நின்று படத்தை அண்ணாந்து பார்த்தார்.

"என்ன மூச்சுக்காரரே, பிரசங்கமா?" என்றான் பலகை ஏற்றும் லாரிக்காரன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவர் சொன்னார். வண்டி வந்தது, மச்சான் ஏப்ரனைக் கழற்றியது, தான் என்ன சொல்லித் தடுத்தார் என்பது, டாக்டர் சொன்னது. நிறுத்தி நிறுத்தி, பலகையில் கையூன்றி நின்று சொன்னார். சொல்லி முடிக்க வெகு நேரமானது. அவர் மூச்சு வாங்கிய இடைவெளிகளில் மற்றவர்களின் இருமல் கேட்டது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"அந்த வண்டி மறுபடி எப்ப வரும்?" என்று லாரிக்காரன் கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

"இனி வராதாம். நாமதான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார் அவர்.

லாரிக்காரனும் இன்னும் மூன்று பேரும் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவர்களோடு நடந்தார்கள். மற்ற எட்டுப் பேர் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு ஐந்து மேடை போக வேண்டியிருந்தது. மேஸ்திரி சுவிட்சை மேலே தள்ளினார்.