இரண்டு லீக், இரண்டு சாம்பியன், ஒரு கோப்பைக் கடை

கோப்பை விற்கிறவளிடம் வந்து யார் வென்றது என்று கேட்கக் கூடாது. எல்லாரும் வென்றால்தான் எனக்கு வியாபாரம்.

லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில், ஒரு மரக்கறிக் கடைக்கும் ஒரு நகைக் கடைக்கும் நடுவில் என் கடை. வெற்றிக் கோப்பை, பதக்கம், விளையாட்டு ஜேர்சி எல்லாம் விற்கிறேன். ஜேர்சியில் பெயர் ஒட்டுவதும் கோப்பைத் தகட்டில் எழுத்துப் பொறிப்பதும் நானேதான். வாடிக்கையாளரில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் சங்கக்காரர். கோடை வந்தால் கல்லூரிக்கு ஓர் அணி கட்டி, ஞாயிறுதோறும் லண்டன் மைதானங்களில் ஃபுட்போல் ஆடுவார்கள். முழங்கால் தேய்ந்த அப்பாமார் கோட்டுக்கு வெளியே நின்று கத்த, அந்தக் கல்லூரி வாசலையே காணாத பிள்ளைகள் உள்ளே ஓடுவார்கள்.

கல்லூரிகளின் பெயரைச் சொன்னால் நாளைக்கே என் கடை வாசலில் கூட்டம் கூடிவிடும். ஆகவே ஜேர்சி நிறத்தால் சொல்கிறேன். நீலமும் சிவப்பும் பெரிய ஆண்கள் கல்லூரிகள். மஞ்சள், ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த சின்னப் பள்ளிக்கூடம். நான் மஞ்சள். இவர், என் கணவர், நீலம். எங்கள் கல்யாணத்துக்குச் சாதகப் பொருத்தம் பார்த்தார்கள், ஜேர்சிப் பொருத்தம் பார்க்கவில்லை. பழைய மாணவர் சங்கத்தில் ஏதாவது பொறுப்பெடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நீங்களும் என் கட்சிதான்.

பரம ரகசியம்

எல்லாப் பள்ளிக்கூடங்களும் சேர்ந்து ஆடிய லீக் உடையப் போவது எல்லாருக்கும் முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வசந்த காலத்தில் நீலத்தின் செயலாளர் இராசநாயகம் அண்ணை வந்து, கடையில் உள்ளதிலேயே உயரமான கோப்பையைக் கேட்டார். தகட்டில் பொறிக்கச் சொன்ன லீக்கின் பெயர் நான் கேள்விப்படாத பெயர். விசாரித்ததில் கதை வெளியே வந்தது. சின்னப் பள்ளிக்கூடங்களோடு ஆடி ஆடித் தரம் குறைகிறதாம். பெரியவர்கள் பிரிந்து புது லீக் தொடங்குகிறார்களாம். கம்பி வேலி போட்ட மைதானம், இணையத்தில் நேரடி ஒளிபரப்பு, செலவுக்கு ஒரு மொத்த வியாபாரி.

பெரியவர்கள் போனால் மிச்சம் நிற்கும் மஞ்சளைப் போன்றவர்களைப் பார்க்க யார் வருவார்கள்? ஆனால் கடைக்காரி அதைக் கேட்க முடியுமா? கோப்பையைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினேன். அண்ணை கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ தங்கச்சி, சிவப்பும் எங்களோட வருகுது. அவைக்கே இன்னும் தெரியாது."

சப்பாத்துக் கயிறு வாங்க வந்தவர்கள்

கோடை முடிவதற்குள் பழைய லீக்கில் மஞ்சள் ஓர் ஆட்டமும் தோற்காமல் வென்றது. புது லீக்கில் நீலம் இடையிடையே அடிபட்டு, கடைசியில் சிவப்பை முந்திக்கொண்டு வென்றது. அப்போது தொடங்கியது பஞ்சாயத்து. உண்மையான சாம்பியன் யார்? பலவீனமானவர்களோடு ஆடித் தோற்காமல் வந்தவனா, பலசாலிகளோடு ஆடித் தோற்றுத் தோற்று வந்தவனா?

ஒரு சனிக்கிழமை ஒரு சிவப்புக்காரரும் ஒரு மஞ்சள்காரரும் கடைக்குள் சந்தித்துக்கொண்டார்கள். ஒருவர் பல் வைத்தியர், மற்றவர் குழாய் வேலை செய்கிறவர். இருவரும் வாங்க வந்தது விளையாட்டுச் சப்பாத்தில் கட்டும் கயிறு. அதை மறந்து நின்று வாதாடினார்கள். நான் குறுக்கே போகவில்லை. இந்த மனிதர்கள் வேலையிடத்தில் குரலை உயர்த்த முடியாது, வீட்டுக்கடனோடு வாதாட முடியாது, விசா அலுவலகத்தோடு வாதாடிய காலத்தில் ஒருவரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. எதிரில் நிற்பவன் பதில் சொல்லியே ஆகவேண்டிய ஒரு வழக்கு அவர்களுக்கும் வேண்டும்தானே? எனக்கு அவர்களைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பல் வைத்தியர் முடிவாகக் கேட்டார், "வெண்டது பெரிசில்லை, ஆரோட விளையாடி வெண்டனீங்கள்?"

மஞ்சள்காரர் கயிற்றை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார், "நீங்கள் பயந்து விட்டிட்டுப் போனவையோட."

மருமகன் கோல் காப்பாளர்

பழைய லீக்கின் விதி தாராளமானது. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், அப்பாவோ அம்மாவோ படித்திருந்தால் அவர்களின் பிள்ளை, அந்த வீட்டில் பெண்ணெடுத்த மருமகன், எல்லாரும் ஆடலாம். மஞ்சளின் கோல் காப்பாளர் குமரன் அப்படி வந்த மருமகன். மலேசியாக்காரர். இங்கே படிக்க வந்து, வங்கியில் வேலையாகி, ஸ்ட்ரெதமில் ஒரு மஞ்சள் வீட்டில் கல்யாணம் செய்தவர். கையுறை வாங்க வருவார். கடையில் நிற்கிற யாராவது "எந்தக் கொலிஜ்?" என்று கேட்டால் பாவம், கோலாலம்பூரிலிருந்து தொடங்குவார்.

பிறத்தியான் ஒருவனை வைத்து வென்றார்கள் என்று நீலத்தில் பேச்சு. அவர் காதில் அது விழாமலா இருக்கும்? ஒருநாள் நானே கேட்டேன், உங்களுக்கு இது பாரமாக இல்லையா என்று. கையுறையைப் போட்டுப் பார்த்து விரல்களை மடக்கிக்கொண்டே சொன்னார்.

"இல்லக்கா. கல்யாணம் பேச வந்தப்ப மத்தவங்க எல்லாம் என் சம்பளத்தைக் கேட்டாங்க. மாமாதான் பந்து பிடிக்கத் தெரியுமான்னு கேட்டாரு. அந்த வீட்ல என்னைப் பத்தி என்னையே கேட்டது அவர் ஒருத்தர்தான்."

ஒரு நிபந்தனை

இரண்டு லீக் வென்றவர்களும் ஒரேயொரு இறுதியாட்டம் ஆடித் தீர்க்கட்டும் என்று ஊர் முழுக்கக் கேட்டது. புது லீக்கின் குழு கூடி, ஆடலாம் என்றது. ஆனால் அவர்களின் விதிப்படிதான் ஆடவேண்டும்: தகப்பன் படித்த பள்ளிக்கூடத்துக்குத்தான் பிள்ளை ஆடலாம். தாய்வழி கிடையாது, மருமகனும் கிடையாது. ஆண்கள் கல்லூரிகளுக்கு இதில் இழக்க ஒன்றுமில்லை. மஞ்சளில் பாதி அணி தாய்வழி. அவர்களை எடுத்துவிட்டால் மைதானத்தில் இறங்கவே ஆள் காணாது. ஆடாவிட்டால் பயந்து ஓடினார்கள் என்ற பெயர். என் மகன் ஆரூரன் மஞ்சளின் முன்வரிசைக்காரன், அதிகம் கோல் போட்டவன். என்னால் மஞ்சள். புது விதிப்படி அவன் நீலம்.

அதை எனக்குச் சொல்ல இராசநாயகம் அண்ணை நேரே கடைக்கு வந்தார். வந்து, ஆரூரனுக்கு ஒரு நீல ஜேர்சி எடுத்து வைக்கச் சொன்னார். சைஸ் என்ன என்று என்னிடமே கேட்டார்! எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் உட்கார வாங்கு இருந்தது, கரும்பலகை இருந்தது, பரீட்சையும் இருந்தது. அங்கே நானும் படித்துத்தான் வெளியே வந்தேன். நீல ஜேர்சி கையிருப்பில் இல்லை என்று பொய் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமாதானமாகப் பேசினார்.

"கோவிக்காதேங்கோ தங்கச்சி. தாய் எங்க படிச்சால் என்ன, பிள்ளை தகப்பன்ர பிள்ளைதானே."

சாப்பாட்டு மேசை

இவர், என் வீட்டுக்காரர், பஸ் ஓட்டுகிறவர், ஞாயிறு ஷிப்டில் பல வருடம் ஓட்டியவர். மகனை நீல ஜேர்சியில் பார்க்கும் ஆசை அவருக்கு எப்போதும் உண்டு. வாயால் சொன்னதில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டு, குழுவின் முடிவு சட்டப்படி சரிதான் என்று பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார். நான் சொதியை எடுத்து வைத்தேன். முடிவு ஆரூரனுடையதாக இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஆரூரன் ஆங்கிலத்தில்தான் யோசிப்பான். முக்கியமானதைத் தமிழில் சொல்ல முயற்சி செய்வான். "அப்பா, உங்கட ஸ்கூலையும் நான் பாக்கேல்ல, அம்மான்ர ஸ்கூலையும் பாக்கேல்ல. சண்டே மோர்னிங் என்னை கிரவுண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது அம்மா. சோ, நான் யெலோ" என்றான். அவன் குறைசொல்லும் குரலில் சொல்லவில்லை. அதனால்தான் கூடுதலாக உறைத்திருக்க வேண்டும். இவர் கையைக் கழுவிவிட்டு வந்து, கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார்.

"அப்ப நான் ஷிப்டை மாத்தியிருக்க வேணும்."

புது ஜேர்சிகள்

மஞ்சள் கூட்டம் கூடியது. ஒரு பிள்ளையையும் விடாமல் முழு அணியோடுதான் வருவோம் என்று குழுவுக்கு அறிவித்தது. குழு, அப்படியானால் அது இறுதியாட்டமல்ல, வெறும் சினேகபூர்வ ஆட்டம், அதன் முடிவு எந்தக் கணக்கிலும் சேராது என்று பகிரங்கமாக அறிவித்தது. இளம் நீலப் பிள்ளைகளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அவர்களுக்குப் பந்து உருண்டால் போதும். ஆட்டத்துக்கு முன் மஞ்சளின் செயலாளர் ரூபன் என்னிடம் வந்தார். புது ஜேர்சிகள் வேண்டும், முதுகில் புதுப் பெயர்கள் வேண்டும் என்றார்.

நம்மவர்க்கு இந்த நாட்டில் தகப்பன் பெயர்தான் கடைசிப் பெயர். ஆகவே நான் இத்தனை காலமும் முதுகுகளில் ஒட்டியதெல்லாம் அப்பாமாரின் பெயர்கள்: பரமேஸ்வரன், தில்லைநாதன், சண்முகராசா. ரூபன் சொன்ன பெயர்களை என் பெயரொட்டும் இயந்திரம் கண்டதே இல்லை. தாய்வழிப் பிள்ளைகள் எல்லாரும் தாயின் பெயரைக் கேட்டார்களாம். சறோஜினி, கமலாதேவி, மனோரஞ்சிதம். குமரன் மனைவியின் பெயரைக் கேட்டாராம். நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே வந்தேன். ரூபன் கொஞ்சம் தயங்கினார்.

"கடைசிப் பெயர் கொஞ்சம் நீளம் அக்கா, முதுகில இடம் காணுமோ தெரியாது. மங்களேஸ்வரி."

கணக்கில் சேராத ஆட்டம்

என் பெயருக்கு இடம் காணும்படி எழுத்தைச் சின்னதாக்கலாம். நான் சின்னதாக்கவில்லை. ஆரூரனின் ஜேர்சியில் ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை வளைத்து ஒட்டினேன். மோர்டன் பக்கத்து மைதானத்தில் அந்த ஞாயிறு அவ்வளவு சனம். எங்கள் ஆட்களுக்கு முதுகில் உள்ள பெயரைச் சொல்லிக் கத்தித்தான் பழக்கம். ஆட்டம் தொடங்கியதும், பழக்கதோஷத்தில் "சறோஜினி, பந்தை விடு!" "கமலாதேவி, உதை!" என்று ஆம்பிளைகள் கத்தத் தொடங்கினார்கள். கோட்டோரம் மடக்குக் கதிரைகளில் இருந்த சறோஜினி அக்காவும் கமலாதேவி அக்காவும் எழும்பி நின்றுவிட்டார்கள். மனோரஞ்சிதம் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நானும் துடைத்தேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

கடைசியில் நீலம்தான் வென்றது. ஆனால் ஆட்டம் கணக்கில் சேராது என்று முன்கூட்டியே அறிவித்தது அவர்களின் குழுதான். ஒரு கோலால் வென்ற ஆட்டத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் இராசநாயகம் அண்ணை வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த முடிவு பெரிதாகப் படவில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது ஒன்றுதான் நெஞ்சில் நிற்கிறது. இவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரல்ல. கல்யாணமான நாளிலிருந்து "இஞ்சாரும்"தான். அந்த மனிதர் நீலக்காரர் பக்கம், நீலத் தொப்பியோடு நின்றார். ஆரூரனின் காலுக்குப் பந்து வந்தது. நீலக்காரன் ஒருவன் பின்னால் துரத்தினான். இவர் தொப்பியைக் கழற்றி வீசி, முழு மைதானமும் திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

"ஓடு மங்களேஸ்வரி, ஓடு! நிக்காத, திரும்பிப் பாராத, ஓடு!"

ஆக, அந்த வருடம் லண்டனில் சாம்பியன்கள் இரண்டு பேர், தோற்றவர் ஒருவருமில்லை, என் பெயர் தெரியாதவரும் ஒருவருமில்லை.