பேப்பரில் வராத பெயர்

குன்றாண்டார்கோவில் பக்கம் எங்கள் ஊருக்கு வருவது ஒரே ஒரு பேப்பர். அதுவும் என் டீக்கடைக்கு. காசு கொடுத்து வாங்குவது நான், வாசிப்பது சேவுகன் அண்ணன். லாரி ஓட்டி ஓய்ந்தவர். காலை ஆறரைக்குப் பெஞ்சில் உட்கார்ந்தால் தேதியில் தொடங்கி 'நமது நிருபர்' வரை உரக்கப் படிப்பார். ஓர் எழுத்தைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். யாராவது நம்பவில்லை என்றால், "பேப்பர்லயே போட்டுருக்கான்" என்பார். அதற்கு மேல் பேச்சே கிடையாது.

போன ஆடியில் ஒருநாள், "தொலை மருத்துவம்: நோயாளிகள் தவிப்பு" என்று படித்தார்.

"என்னது, தொலைஞ்சே போச்சா?" என்றார் பக்கத்துப் பெஞ்சு ஆத்மநாதன். கடையே சிரித்தது. தூரத்து டாக்டர் போனில் பார்ப்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று நான் கத்தினேன். யார் காதில் விழுந்தது? அன்றிலிருந்து அதற்குத் 'தொலைஞ்ச வைத்தியம்' என்றே பேராகிவிட்டது. நர்ஸ் அடைக்கலமேரி டாக்டரோடு பேசும் போனை வைத்துக்கொண்டு, துணை சுகாதார நிலையத்தில் ஈ ஓட்டினார்.

சேவுகன் அண்ணனுக்குச் சர்க்கரை. ஒரு வாரமாகக் கால் பெருவிரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். கேட்டால், முள் குத்தியதாம். எனக்கோ வாடை அடித்தது. பொறுக்க முடியாமல் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டி வந்துவிட்டேன்.

அடைக்கலமேரி தரையில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் துணியை அவிழ்த்தார். புதுக்கோட்டை டாக்டருக்கு வீடியோ போட்டார்.

"அண்ணே, ஆட்டாதீங்க. டாக்டர் பாக்குறாரு."

"கையே வைக்காம என்னத்தப் பாக்குறாரு?"

"கையை நான் வைக்கிறேன். செத்த சும்மா இருங்க."

டாக்டர் சொல்லச் சொல்ல அழுத்திப் பார்த்தார், சீழைத் துடைத்தார், போனை விரலுக்குக் கிட்டே பிடித்தார்.

"இப்பவே கெளம்பி வரச் சொல்லுங்க. நாளைக்குன்னா வெரல் இருக்காது" என்றது போன்.

அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை, ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தோம்.

விரல் தப்பியது! பத்து நாள் கழித்து அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தபோது கடையே எழுந்து நின்று கைதட்டியது.

அடுத்த வாரம் பேப்பரிலேயே வந்துவிட்டார். பேப்பரைப் பிரித்ததும் நான்தான் முதலில் பார்த்தேன். "செல்போனில் சாதித்த டாக்டர்: முதியவரின் விரல் தப்பியது." ஐம்பத்தெட்டு வயதுக்காரர் முதியவராம். படத்தில் எந்த ஊர்க்காரியோ வெள்ளைக் கோட்டில் சிரித்தாள். செய்தியைத் தலைகீழாகப் புரட்டியும் அடைக்கலமேரியின் பெயர் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தேதி, தலைப்பு, டாக்டர் பெயர் எல்லாம் ஆயிற்று. கடைசி வரியில் நின்றார். டீ வாங்க வந்திருந்த அடைக்கலமேரியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முன்னைவிட உரக்கப் படித்தார்.

"முதியவரின் காலைத் தன் மடியில் வைத்து, முகம் சுளிக்காமல் சீழ் துடைத்து, விரலைக் காப்பாற்றியவர் செவிலியர் அடைக்கலமேரி. நமது நிருபர்."

அடைக்கலமேரிக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

"நெசமாவா? இங்கிட்டுக் குடுங்க பாப்போம்" என்று ஆத்மநாதன் கையை நீட்டினார்.

அண்ணன் பேப்பரை நாலாக மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"பேப்பர்லயே போட்டுருக்கான்" என்றார்.