எதிர்வீட்டுக்கு வந்த போன்

என் மகள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, அவளுடைய நடனப் பள்ளியிலிருந்து ஒரு குழுவைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனார்கள். வலியசாலையில் எங்கள் தெருவிலிருந்து இரண்டு பேர்: இவளும் எதிர்வீட்டுப் பெண்ணும். நாங்கள் டெலிபோனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலம். எதிர்வீட்டில் இருந்தது. டீச்சர் தினமும் அங்கே கூப்பிடுவது, எதிர்வீட்டு மாமி எனக்கு வந்து சொல்வது என்று ஏற்பாடு.

சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்த சேதி வந்தது. மறுநாள் நான் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாமி வாசலில் நின்றாள்.

"உங்காத்துக் குட்டிக்கு நல்ல பனி, கேட்டேளா. ஒண்ணும் சாப்பிடலையாம்."

பனி என்றால் இங்கே, மலையாள வழக்கில், காய்ச்சல். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் இன்னும் கொண்டுவந்தாள். "ஒத்திகையில அடவு தப்பிப் போச்சாம். முன்வரிசையிலேர்ந்து தூக்கிட்டா. ஒரே அழுகையாம். மத்ததுகள் யாரும் அவளோட ரூமில படுக்க மாட்டேங்கறதுகளாம்."

"உங்க பொண்ணு?"

"அவளுக்கென்ன! அவளைத்தான் நடுவில நிறுத்தியிருக்கா."

சொல்லும்போது என் முகத்தையே பார்த்தாள். நான் அழுகிறேனா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் படியிறங்கினாள்.

மறுநாள் பாதி நாள் லீவு போட்டு, அந்த டெலிபோனுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன். மணி அடித்ததும் மாமி எடுத்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "ம்... ம்... சரி, வை" என்றாள். கையை நீட்டியபடி நான் எழுந்திருப்பதற்குள் வைத்துவிட்டாள்.

"லைன் கட்டாயிடுத்து" என்றாள்.

அவர்கள் திரும்பிய அன்று, ஏர்போர்ட் கம்பித் தடுப்புக்கு வெளியே இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். என் மகள் பெட்டியை இழுத்துக்கொண்டு சிரித்தபடி ஓடிவந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன்.

"காய்ச்சல் விட்டுடுத்தாடி?"

"எனக்கென்னம்மா காய்ச்சல்? அவளுக்குத்தான். ஆடவே விடலை, பாவம். ஒரே அழுகை. யாரும் கிட்டப் போகலை. நான்தான் கூடப் படுத்துண்டேன். போன்ல பேசினப்போ அவ அம்மாவே ‘சரி, வை’ன்னுட்டாளாம்."

மாமிக்குக் கேட்டிருக்கும். என் பக்கம் திரும்பவில்லை. கடைசி ஆளாக அவள் பெண் வந்தாள். கண்ணெல்லாம் உள்ளே போய், சுரிதார் தொளதொளவென்று தொங்கியது. அம்மாவைக் கண்டதும் உதடு பிதுங்கியது. மாமி அவள் முழங்கைக்கு மேலே அழுத்திப் பிடித்தாள்.

"எல்லாரும் பாக்கறா. மூஞ்சியை நேரா வெச்சுக்கோ."

அந்தப் பெண் அழாமல் ஆட்டோவில் ஏறினாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அடியும் அவளுக்குத்தான் விழும்.

ஒரு வாரம் கழித்து மாமி வந்தாள். உட்காரவில்லை.

"தெருவில யாராவது கேட்டா, ரெண்டு பேரும் ஆடினான்னு உங்க குட்டியைச் சொல்லச் சொல்லுங்கோ."

"ஏன் மாமி என்கிட்ட அப்படியெல்லாம் சொன்னேள்?"

"யாருக்கோ ஒருத்திக்கு அப்படி ஆயிருந்ததே. பொய்யா சொன்னேன்?"

அந்தப் பெண்ணின் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது.

"சொல்லச் சொல்றேன். உங்களுக்காக இல்லை" என்றேன்.

மாமி தலையாட்டினாள். படியில் கால் வைத்தவள், உள்ளே பாடம் படித்துக்கொண்டிருந்த என் மகளை எட்டிப் பார்த்தாள்.

"வெயில்ல அலைஞ்சு நன்னாக் கறுத்துப் போயிட்டா, அல்லே?"